பார்க்கத் தெரிந்த ஊர்கள்

செவ்வாய்ப்பேட்டை

சேலத்திலிருந்து தெற்கே நாமக்கல், அங்கிருந்து மேற்கே திருச்செங்கோடு, பிறகு காவிரிக்கரையில் பள்ளிபாளையம். சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் நடுவே கிடக்கும் இந்தச் சமவெளியைப் பார்ப்பதற்கென்று யாரும் வருவதில்லை. மலை தேடுகிறவர்கள் ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் ஏறிவிடுகிறார்கள். சமவெளி அவர்களுக்கு வெறும் வழி. ஆனால் கைத்தொழில் செய்து வாழ்கிறவர்களின் அன்றாட எரிச்சல்களையும் அவர்களுக்குக் கிடைக்கும் சின்னச் சின்ன நிறைவுகளையும் புரிந்துகொள்ள விரும்பினால் தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான பாதை இல்லை. கொலுசு, ஜவ்வரிசி, லாரி பாடி, ஆழ்துளைக் கிணறு, தறி என்று இருபது முப்பது கிலோமீட்டருக்கு ஒரு தொழில் மாறுகிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரே தொழிலைச் செய்கிறவர்கள் தெருத்தெருவாக நெருங்கி வாழ்கிறார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் உறைப்பது இந்த நெருக்கம்தான். சென்னையில் குழாய் பழுதுபார்க்கிறவரும் மின்வேலை செய்கிறவரும் கைப்பேசிச் செயலி வழியாகத் தனியாக ஒரு வீட்டுக்குள் போகிறார்கள். வேலை முடிந்ததும் அந்த வேலையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் அவர்களுக்கு ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடுகிறார். இணைப்பு எவ்வளவு சுத்தமாகப் போடப்பட்டிருக்கிறது என்பதற்கு அந்த நட்சத்திரத்தில் இடமில்லை. வந்தவர் சிரித்தாரா, நேரத்துக்கு வந்தாரா, தரையைத் துடைத்துவிட்டுப் போனாரா என்பதற்குத்தான் இடம்.

இந்தப் பாதை நெடுக எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. தொழிலாளியின் எரிச்சல்கள் பெரும்பாலும் வேலைக்குள்ளிருந்து வருவதில்லை. வேலைக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் காத்திருப்பிலிருந்துதான் வருகின்றன. பொருள் வரக் காத்திருக்க வேண்டும், கரண்ட் வரக் காத்திருக்க வேண்டும், காசு வரக் காத்திருக்க வேண்டும். நிறைவு வேலைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதுவும் தானாக விளைவதில்லை. எது சுத்தமான வேலை, எது ஒப்பேற்றிய வேலை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் இருந்தால்தான் அது கிடைக்கிறது. தெரியாதவர் நூறு பேர் பாராட்டினாலும் அது ஈடாகாது. இந்தச் சமவெளியின் ஊர்கள் தங்கள் தொழிலாளிகளுக்குத் தருகிற பெரிய கொடை அந்தத் தெரிந்த கண்தான். கூலியிலும் நிலுவையிலும் இந்த ஊர்கள் அவர்களை மோசமாகவே நடத்துகின்றன. இவை இரண்டும் ஒரே இடத்தில் உண்மையாக இருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கக் கூடாது.

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் மாலை நேரத்தில் தட்டுவடை செட் போடுகிறவர்களின் கையைப் பார்த்தாலே தெரிந்த கண்ணின் அருமை விளங்கும். முறுகலான இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி. இவ்வளவுதான் பண்டம். சுற்றி நிற்கிற மூட்டைத் தொழிலாளி முதல் வெள்ளிக்கடை முதலாளி வரை அத்தனை பேரும் சின்ன வயதிலிருந்தே அதைத் தின்று வளர்ந்தவர்கள். வடை நமத்திருந்தால் முதல் கடியில் தெரிந்துவிடும், சட்னியில் புளிப்பு ஒரு சிட்டிகை ஏறினாலும் தெரிந்துவிடும். கடைக்காரருக்குத் தீர்ப்பு அங்கேயே, அப்போதே, விவரம் தெரிந்த வாயிலிருந்து வருகிறது. இதே பண்டத்தை இப்போது சென்னையிலும் விற்கிறார்கள். அங்கே அது ஒரு புதுமை. நன்றாக இல்லையென்றாலும் வாங்குகிறவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

சிவதாபுரம்

சேலம் நகரத்துக்கு மேற்கே கஞ்சமலையைப் பார்த்துப் போகும் சாலையில் சிவதாபுரமும் பனங்காடும் வருகின்றன. கஞ்சமலை இரும்புத்தாது நிறைந்த மலை. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியபோது சேலத்துத் தாதுவை நம்பித்தான் நடத்தினார். இன்று அந்த மலையடிவாரத்துத் தெருக்களில் கேட்கும் உலோகச் சத்தம் இரும்புடையது அல்ல, வெள்ளியுடையது. வீட்டுத் திண்ணையும் முன்னறையும்தான் பட்டறை. வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுப்பது ஒரு வீடு. வளையம் கோத்துச் சங்கிலி ஆக்குவது இன்னொரு வீடு. பற்றவைக்கிறவர், சலங்கை வைக்கிறவர், திருகு பொருத்துகிறவர், மெருகு போடுகிறவர் எல்லாரும் வேறு வேறு. பெண்கள் இதில் பாதிக்குக் குறையாத வேலையைச் சுமக்கிறார்கள், பெரும்பாலும் சமையலுக்கும் பள்ளிக்கூட நேரத்துக்கும் இடையே. ஒரு ஜோடி கொலுசு கடைக்குப் போவதற்குள் அது கடக்கிற கைகளை எண்ணினால் வியப்பாக இருக்கும்.

இப்படித் துண்டுதுண்டாகப் பிரிந்த வேலையில் என்ன நிறைவு இருக்க முடியும் என்று கேட்கலாம். முழுப் பொருளையும் ஒரே கை செய்தால்தான் பெருமை என்பது பொதுவாக எல்லாரும் நினைப்பது. சிவதாபுரம் அதற்கு நேர்மாறான சான்று தருகிறது. இங்கே ஒவ்வொரு கையின் வேலையையும் சோதிப்பது அதற்கு அடுத்த கை. பற்றவைப்பில் பொடி கூடிப்போய்த் திட்டாக நின்றால் மெருகு போடுகிறவருக்குத்தான் அது முதலில் தெரியும், அவருக்குத்தான் வேலை கூடும். வளையம் சீராக இல்லாவிட்டால் சங்கிலி கோணும். சலங்கை வைக்கிற பெண்ணின் விரல் அதை உடனே கண்டுபிடித்துவிடும். குறை சொல்ல அவர்கள் ஒருபோதும் தயங்குவதில்லை. அதனாலேயே அவர்கள் குறை சொல்லாமல் வாங்கி வைத்துக்கொள்வது பெரிய அங்கீகாரமாகிறது. வார்த்தையில்லாத அந்த ஒப்புதல் நாளுக்குப் பல தடவை கிடைக்கிறது. நகரத்து அலுவலகங்களில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மதிப்பீட்டுக் கூட்டத்தில் அது கிடைப்பதில்லை.

எரிச்சல்களின் பட்டியல் இதைவிட நீளம். வெள்ளி வியாபாரியுடையது; எடை போட்டுத் தருகிறார், எடை போட்டுத் திரும்ப வாங்குகிறார். இடையில் குறைகிற சேதாரத்துக்கு ஓர் அளவு உண்டு, அதற்கு மேல் போனால் தொழிலாளியின் கணக்கில் விழும். அதனால் பட்டறையைக் கூட்டிய தூசியைக்கூட வீசாமல் சேர்த்து வைக்கிறார்கள். 2025-இல் வெள்ளி விலை கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி, ஆண்டு முடிவதற்குள் இரண்டு லட்சத்தையும் தாண்டியபோது இந்தத் தெருக்களுக்கு லாபம் எதுவும் வரவில்லை. விலை ஏறினால் வாங்குகிறவர்கள் எடையைக் குறைத்துக்கொள்கிறார்கள், கடைகள் ஆர்டரைத் தள்ளிப்போடுகின்றன. எடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்குத் தள்ளிப்போன ஒவ்வொரு கிலோவும் கூலியிழப்பு. கையில் தவறும் ஒரு கிராமின் விலை மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. இதற்கெல்லாம் மேல் பற்றவைக்கும்போது எழும் புகை; நாள் முழுக்கக் குனிந்த முதுகு; நாற்பது வயதுக்குள் தேய்ந்துபோகும் கண். இவற்றை அரிய கலையின் விலை என்று அழகுபடுத்துவது தவறு. காற்றோட்டமான இடமும் புகையுறிஞ்சியும் இருந்தால் தவிர்க்கக்கூடியவை இவை. அரியாகவுண்டம்பட்டியில் வெள்ளித் தொழிலுக்கென அரசு எடுத்த பல்நோக்கு மையத் திட்டத்தை அந்தக் காரணத்துக்காகவே வரவேற்க வேண்டும். ஒரு நிபந்தனை உண்டு: அடுத்தடுத்த வேலை செய்கிறவர்கள் அடுத்தடுத்த அறையில் இருக்கும்படி இடம் ஒதுக்க வேண்டும். விண்ணப்ப வரிசைப்படி அறையைக் கொடுத்துவிட்டால், கட்டடம் நிற்கும், தெருவில் இருந்த பார்வை போய்விடும்.

இங்கே எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்றைச் சந்திக்காமல் மேலே போக முடியாது. வேலையில் நிறைவு என்ற பேச்சே முதலாளிகளுக்கு வசதியான பேச்சு, கூலி குறைவாகத் தருகிறவர்கள்தான் கலை, பெருமை, பரம்பரை என்று பேசுவார்கள் என்பது அந்த மறுப்பு. அதில் உண்மை நிறைய இருக்கிறது. ஆனால் அதன் விடை நிறைவை மறுப்பதில் இல்லை. கணக்குகளைக் கலக்காமல் இருப்பதில் இருக்கிறது. நிறைவு தொழிலாளிக்கும் தொழிலுக்கும் இடையிலான கணக்கு. கூலி தொழிலாளிக்கும் வியாபாரிக்கும் இடையிலான கணக்கு. முதல் கணக்கில் வரவு இருப்பதால் இரண்டாவதில் பற்று வைக்கலாம் என்று யாருக்கும் உரிமையில்லை. தொழிலை விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள் என்று இந்தத் தெருக்களில் கேட்டால், வேலை பிடிக்கவில்லை என்ற பதில் அரிதாகத்தான் வருகிறது. கட்டுபடியாகவில்லை என்பதே பதில். சட்டம் ஓரளவு இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். அப்படித் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது என்ற விதியும் இப்போது வந்துவிட்டது. ஆனால் பதிவுச் சான்று இல்லாத திண்ணைப் பட்டறைக்கு இந்த இரண்டு விதியும் எட்டாது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான் பதிவேட்டுக்கு வெளியே இருக்கிறார்கள்.

ராசிபுரம்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் மல்லூர் தாண்டியதும் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடுகள் தொடங்குகின்றன. மரவள்ளி என்று புத்தகங்கள் சொல்வதை இங்கே குச்சிக்கிழங்கு என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவிலிருந்து வந்துகொண்டிருந்த மாவும் ஜவ்வரிசியும் நின்றுபோன இடைவெளியில் சேலத்தில் பிறந்த தொழில் இது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆலைக் களங்களில் வெயிலில் வெள்ளை வெளேரென்று பரப்பியிருக்கும் ஜவ்வரிசி ராசிபுரம் பக்கத்தில் வழக்கமான காட்சி.

என் கருத்துக்கு ஓர் எச்சரிக்கையும் இங்கே கிடைக்கிறது. பார்க்கிற கண் இருந்தால் மட்டும் போதாது, அது சரியானதைப் பார்க்க வேண்டும். ஜவ்வரிசியின் பெருஞ்சந்தை மகாராஷ்டிரம் போன்ற வெளி மாநிலங்களில் இருக்கிறது. அங்கே விரத நாளில் சாப்பிடுகிறவர்கள் வெண்மையை வைத்துத் தரத்தை முடிவு செய்தார்கள். கிழங்கின் தோலைச் சுத்தமாக உரிப்பதும், பாலை நன்றாகத் தெளியவிடுவதும், பக்குவமாக வறுப்பதும் தொலைவில் இருக்கிறவருக்குத் தெரிவதில்லை. நிறம் மட்டும் தெரிகிறது. அதனால் வெளுப்பதற்கு ரசாயனம் சேர்க்கும் குறுக்குவழி தொழிலுக்குள் நுழைந்தது. உணவுப் பாதுகாப்புத் துறை திரும்பத் திரும்பச் சோதனை நடத்த வேண்டியதாயிற்று. பக்குவம் தெரிந்த வறுவல்காரரின் திறமைக்கு அந்தச் சந்தையில் விலை இல்லாமல் போனது. வாங்குகிறவருக்கும் செய்கிறவருக்கும் நடுவே தூரம் கூடினால் தொழில் எப்படிக் கெடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

நாமக்கல்

ஒரே பாறையாக எழுந்து நிற்கும் கோட்டைமலையும் அதன் அடியில் நரசிம்மர் குடைவரையும் எதிரே கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கும் ஆஞ்சநேயரும் நாமக்கல்லின் முகம். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. முட்டையும் லாரியும் இந்த ஊரின் இரண்டு பெயர்கள். மழை பொய்க்கும் மேட்டுநிலத்தை நம்பி வாழ முடியாத விவசாயிகள் லாரி வாங்கினார்கள். லாரி வாங்கியவர்களுக்காகப் பட்டறைகள் வந்தன. பட்டறைகளைத் தேடி வெளிமாநில லாரிகள் வந்தன. தென்னிந்தியாவில் சமையல் எரிவாயு சுமக்கும் டேங்கர் லாரிகளில் பெரும்பகுதி இந்த ஊர்க்காரர்களுடையவை. ஊரைச் சுற்றியுள்ள சாலைகளில் முகப்பு மட்டும் உள்ள, கேபினும் பாடியும் இல்லாத சேசிஸ்கள் வரிசையாக நிற்கும். தலைக்கு மேல் கூரையில்லாத இருக்கையில் உட்கார்ந்து, முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, ஆலையிலிருந்து அதை ஓட்டி வருகிற ஓட்டுநர்களின் வேலையே தனிக் கட்டுரைக்கு உரியது.

ஒரு லாரிக்குப் பாடி கட்டுவது என்பது பல தொழில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவது. ஒரு காலத்தில் மரவேலை ஆசாரிதான் தலைமை. இப்போது தலைமை இரும்புக்கும் வெல்டருக்கும் போய்விட்டது. ஆசாரிகளின் அடுத்த தலைமுறையில் பலர் வெல்டர்களாகவே ஆகிவிட்டார்கள். வெல்டருக்குப் பின் டிங்கர், பிறகு பட்டி பார்க்கிறவர், பெயிண்டர், எலக்ட்ரீசியன், சீட் தைக்கிறவர், கண்ணாடி பொருத்துகிறவர். சிவதாபுரத்தில் கண்ட அதே விதி இங்கே பத்து டன் எடையில் நடக்கிறது. வெல்டர் கோணலாக விட்டதை டிங்கர் தட்டி நிமிர்த்த வேண்டும், டிங்கர் விட்ட பள்ளத்தைப் பட்டி போட்டு நிரப்ப வேண்டும், பட்டி கனமானால் ஓராண்டில் வெடிக்கும். எல்லாக் குறையும் பெயிண்டரிடம் வந்து சேர்கிறது, பெயிண்ட் காய்ந்த பிறகு அவர் பெயரில் வெளியே போகிறது. அதனால் இந்தப் பட்டறைகளில் அதிகம் கோபப்படுகிறவர் பெயிண்டர்தான். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவருக்கு எதிரி மனிதர்கள் மட்டுமல்ல. பக்கத்துப் பட்டறையின் கிரைண்டர் தூசி, திடீரென்று வரும் ஆடி மாதக் காற்று, கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது போகிற கரண்ட் எல்லாம் உண்டு.

வாடிக்கையாளரும் பட்டறைக்காரரும் பேசிக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்டால் இந்தத் தொழிலின் காத்திருப்பு எவ்வளவு சிக்கலானது என்று புரியும். "ஏனுங்ணா, வண்டி எப்பங்க?" "வெள்ளிக்கிழமை எடுத்துக்கலாமுங்ணா." "போன வெள்ளிக்கிழமையும் இதேதானுங்களே சொன்னீங்க?" "கண்ணாடி வரலீங்ணா, நான் என்ன பண்ணட்டும்?" வண்டி வாங்கியவருக்குக் கடன் தவணை ஓடத் தொடங்கிவிட்டது, ஒவ்வொரு நாளும் அவருக்கு நஷ்டம். பட்டறைக்காரர் முன்பணத்தைத் தகட்டில் போட்டுவிட்டார். வண்டி வெளியே போனால்தான் அவருக்கு மீதி வரும். கண்ணாடிக்காரருக்குப் போன வண்டியின் பாக்கி நிற்கிறது, அதனால்தான் கண்ணாடி வரவில்லை. மூன்று பேரும் நேர்மையானவர்கள், மூன்று பேரும் எரிச்சலில் இருக்கிறார்கள். யாரோ ஒருவர் சோம்பேறி என்பதால் தாமதம் வருவதாக வெளியார் நினைக்கிறார்கள். உண்மையில் ஒருவரிடமும் நடைமுறை மூலதனம் போதுமான அளவு இல்லாததுதான் தாமதத்தின் காரணம். ஆயிரம் ரூபாய் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போக எடுக்கும் நாட்கள் குறைந்தால் இந்த ஊரின் பாதி மனக்கசப்பு போய்விடும்.

அதே பட்டறையில் வண்டி முடிந்து வெளியே நிற்கிற நாளில் நடப்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்துப் பட்டறை மேஸ்திரிகள் டீ குடிக்க வருகிற சாக்கில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார்கள். பக்கவாட்டில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பார்கள். பின்கதவைத் திறந்து விட்டு அது தானாக எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பார்கள். கேபினுக்கு உள்ளே, வாடிக்கையாளர் எவரும் பார்க்காத மூலையில், வெல்டிங் வரியை விரலால் தடவுவார்கள். பெரும்பாலும் எதுவும் சொல்ல மாட்டார்கள். போட்டியாளரிடமிருந்து கிடைக்கிற அந்த நடை, கூலியில் சேராத ஒரு வருமானம். ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட நூலில், ஒரே தொழில் ஓரிடத்தில் கூடும்போது அத்தொழிலின் நுணுக்கங்கள் அங்கே வளரும் குழந்தைகளுக்குக்கூடத் தானாகப் படிந்துவிடுகின்றன என்று வாதிட்டார். அவர் கண்டது தொழிலின் அறிவு பரவுவதை. நாமக்கல்லில் அறிவோடு கூட மரியாதையும் பரவுகிறது என்பதை அவருடைய கருத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மரியாதை போய்விட்ட தொழிலும் இங்கே உண்டு. லாரியின் நெற்றியிலும் முதுகிலும் பெயரும் பூவும் பறவையும் தூரிகையால் எழுதிய எழுத்துப் பெயிண்டர்களின் இடத்தை ரேடியம் ஸ்டிக்கர் பிடித்துக்கொண்டது. கணினியில் வெட்டி ஒட்டினால் ஒரு மணி நேரம், இரவில் ஒளிரும், பிழையிருந்தால் உரித்துவிட்டு மறுபடி ஒட்டலாம். மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை கவிஞராக அறியப்படுவதற்கு முன்பே ஓவியராக வாழ்ந்தவர் என்பதை நினைத்தால், இந்த ஊரில் தூரிகைக்கு இடம் சுருங்கியது கூடுதலாக வருத்துகிறது. ஆனாலும் ஸ்டிக்கரைக் குற்றம் சொல்ல முடியாது. இரவில் பின்னால் வருகிறவரின் உயிரைக் காப்பாற்றுவது ஒளிரும் பட்டைதான்.

இதே நியாயத்தைப் பெரிய அளவில் எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கைவேலையாக இத்தனை பட்டறைகளில் கட்டப்படும் பாடிகளைவிட ஆலையில் ஒரே அளவில் தயாராகும் பாடி பாதுகாப்பானது, எனவே இந்தத் தொழில் மறைவதே நல்லது என்பது அவர்கள் வாதம். விதிகளும் அந்தத் திசையில் இறுகி வருகின்றன. லாரி கேபினுக்கும் பாடிக்கும் மத்திய அரசு தர விதிகள் வகுத்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம். நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்காக வந்த அந்த விதியை எந்தப் பட்டறைக்காரரும் குறை சொல்லக் கூடாது, பெரும்பாலானவர்கள் சொல்வதும் இல்லை. பாதுகாப்பு விதி வேண்டும். ஓட்டுநரின் உயிர் பட்டறையின் பெருமையைவிடப் பெரிது. ஆனால் விதிக்குள் அடங்க முடியாதது கைவேலையின் திறமை அல்ல. அதைச் சோதித்துச் சான்றிதழ் வாங்குகிற செலவுதான். பத்துப் பேர் வேலை செய்கிற பட்டறை ஒவ்வொரு மாதிரிக்கும் தனியாகச் சோதனைக் கட்டணம் கட்ட முடியாது. ஊருக்குப் பொதுவான வரைபடமும் பொதுவான சோதனைக்கூடமும் இருந்தால், அந்த வரைபடத்தின்படி எந்தப் பட்டறையும் கட்டலாம்; தவறான வெல்டிங் எது என்று கண்டுபிடிக்க இந்த ஊரைவிட நல்ல ஆய்வாளர்கள் எங்கும் இல்லை. மதியம் பட்டறைகளுக்குப் பக்கத்து மெஸ்ஸில் பரோட்டாவோடு கலக்கி தின்றுகொண்டே அவர்கள் பேசுவதும் பெரும்பாலும் அடுத்தவர் பற்றவைப்பைப் பற்றித்தான்.

திருச்செங்கோடு

மலைமேல் அர்த்தநாரீசுவரர், மலைக்குக் கீழே ரிக் வண்டிகள். இந்தியாவில் எந்த மாநிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டினாலும் வண்டியின் பக்கவாட்டில் திருச்செங்கோட்டு முகவரி இருக்க வாய்ப்புண்டு; ஆப்பிரிக்க நாடுகளுக்கும் இங்கிருந்து வண்டிகள் போயிருக்கின்றன. தண்ணீரில்லாத ஊர் தண்ணீர் தேடுவதையே தொழிலாக்கிக்கொண்டது. ஆனால் என் கருத்துக்கு மிகக் கடுமையான சோதனையும் இந்த ஊரில்தான் இருக்கிறது. மற்ற தொழில்களில் நல்ல வேலைக்கு நல்ல விளைவு வரும். போர் போடுகிறவருக்கு அந்த உறுதி கிடையாது. பாயிண்ட் பார்த்துக் கொடுத்தவர் வேறொருவர், பாறைக்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஆயிரம் அடி நேராக இறக்கியும் புகை மட்டுமே வரலாம். அடிக்கு இவ்வளவு என்று பேசியதுதான் கூலி. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் டீசல் ஒன்றுதான். கடன் வாங்கிக் கிணறு தோண்டச் சொன்ன விவசாயியின் முன்னால், விடியற்காலையில், வறண்ட குழிக்குப் பணம் கேட்டு நிற்கிற நேரம் இந்தத் தொழிலில் மிகக் கசப்பானது. சிலர் மீதியை விட்டுக்கொடுக்கிறார்கள். விட்டுக்கொடுக்க முடியாதவர்களைக் கல்நெஞ்சர்கள் என்பது அநியாயம். டீசல் பங்க்கில் யாரும் அவர்களுக்கு விட்டுக்கொடுப்பதில்லை.

அப்படியானால் இந்தத் தொழிலில் நிறைவு எங்கே இருக்கிறது? விளைவுக்கு வெளியே தங்களுக்கென்று ஓர் அளவுகோலை இவர்கள் வைத்திருக்கிறார்கள். மேல்மண் முடிந்து பாறை தொடங்குகிற இடத்தைச் சரியாகக் கணித்துக் கேசிங் பைப்பை அங்கே உட்கார வைத்தோமா, குழி கோணாமல் இறங்கியதா, பொடியின் நிறம் மாறியதும் அழுத்தத்தைக் குறைத்தோமா, விரிசல் பாறையில் ஹேமர் சிக்காமல் மேலே வந்ததா என்பவைதான் அந்த அளவுகோல். கம்ப்ரஸர் காற்று குழியின் அடியில் இருக்கிற ஹேமரை இயக்குகிறது. கீழே நடப்பது கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தின் மாற்றத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வறண்ட குழியிலும் நல்ல வேலை இருக்க முடியும். தண்ணீர் வந்த குழியிலும் கேசிங் சரியில்லாமல் மண் சரிந்து ஓராண்டில் மோட்டார் மாட்டிக்கொள்ளும் மோசமான வேலை இருக்க முடியும். விவசாயிக்கு இந்த வேறுபாடு அன்றைக்குத் தெரியாது. உடன் வேலை செய்கிறவருக்குத் தெரியும். விளைவு கைவிட்ட நாளில் ஒருவரைத் தொழிலில் நிறுத்தி வைப்பது அந்த அறிவுதான்.

திருச்செங்கோட்டை ஒட்டிய புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமம் இருக்கிறது. கல்கி இளவயதில் அங்கே பணியாற்றினார். கைவேலையின் மேன்மையைத் தீவிரமாகப் பேசிய அந்தக் காந்திய இயக்கம் கூலியைப் பற்றி என்ன செய்தது என்று பார்ப்பது, சிவதாபுரத்தில் எழுந்த மறுப்புக்கு இன்னொரு விடையாகும். 1935-இல் காந்தி, நூற்பவர்களுக்கு வயிறு நிறையும் அளவுக்குக் கூலி தந்தாக வேண்டும் என்று வற்புறுத்தி நூற்போர் சங்கத்தை அதை ஏற்கச் செய்தார். கதர் விலை ஏறும், விற்பனை படுத்துவிடும் என்று அவருடைய சகாக்களே அஞ்சினார்கள். அந்த அச்சத்தை அவர் பொருட்படுத்தவில்லை. உழைப்பைப் புகழ்கிறவருக்கு அதற்கு விலை கொடுக்கிற கடமை முதலில் வருகிறது என்பதை அவர் செயலில் காட்டினார்.

பள்ளிபாளையம்

காவிரிக்கரையில் ஈரோட்டுக்கு எதிரே பள்ளிபாளையம். மசாலாப் பொடி எதுவும் சேராமல், வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லுமாக வதக்கிச் செய்கிற இந்த ஊர்க் கோழி வறுவல் இன்று தமிழ்நாடு முழுக்க உணவகப் பட்டியல்களில் ஊர்ப்பெயரோடு இருக்கிறது. ஊருக்குள் நுழைந்தால் எந்தத் தெருவிலும் விசைத்தறி ஓசை. லுங்கியும் துண்டும் நெய்கிற இந்தத் தறிகளின் முன்னால் நிறைவைப் பற்றிப் பேச எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஒருவர் பல தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். அறுந்த இழையை முடிவதும் தீர்ந்த தாரை மாற்றுவதும் நடையாய் நடப்பதும்தான் வேலை. வேகத்தைத் தறி முடிவு செய்கிறது. சத்தத்தில் பக்கத்திலிருப்பவரோடு பேசக்கூட முடியாது. தீர்மானிக்கிற உரிமை கையைவிட்டுப் போன இடத்தில் காத்திருப்பின் எரிச்சல் மட்டும் மிஞ்சுகிறது: பாவு வரக் காத்திருப்பது, நூல் விலை இறங்கக் காத்திருப்பது, கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை முடியக் காத்திருப்பது. என் கருத்தைப் பள்ளிபாளையம் எதிர்ப்பக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகிறது. தறி கோளாறானால் வருகிற மெக்கானிக் மட்டும் இங்கே விதிவிலக்கு. அவர் உள்ளே வந்ததும் தறி ஓடுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கிறார். ஓட்டுகிறவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள்.

செலவுச் சுமையை அரசு நினைத்தால் குறைக்க முடியும் என்பதற்கும் இதே ஊர் சான்று. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் என்றிருந்த இலவச மின்சாரம் 2023-இல் 1,000 யூனிட் ஆனது. சிறு தறிக்காரர்களுக்கு அது உண்மையான நிம்மதி. கூலியில் அப்படி ஓர் ஒழுங்கு இன்னும் வரவில்லை. ஒவ்வொரு உயர்வும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, பேச்சுவார்த்தைக்குப் பிறகு, பாதி நிறைவேறாமல் வருகிறது.

கடைசியாக ஒரு மறுப்பு. இந்த ஊர்களின் தொழிலாளிகளுடைய பிள்ளைகளே இந்தத் தொழில்களுக்கு வருவதில்லையே, பிறகு எந்தக் கண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்கிறார்கள். உண்மைதான், சேலத்திலும் நாமக்கல்லிலும் பொறியியல் கல்லூரிகள் நெருக்கமாக நிற்கின்றன, பெற்றோர் உழைத்ததே பிள்ளைகள் அங்கே போவதற்காகத்தான். அதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பட்டறைகள் காலியாகிவிடவில்லை. ஒடிசா, பீகார், சத்தீஸ்கரிலிருந்து வந்தவர்கள் தறியிலும் ரிக் வண்டியிலும் வெல்டிங்கிலும் நிற்கிறார்கள். பாதி இந்தி, பாதி கொங்குத் தமிழில் திட்டு வாங்கிக் கற்றுக்கொள்கிறார்கள். தெரிந்த கண் ரத்தத்தில் வருவது என்றால் ஆசாரி வெல்டர் ஆகியிருக்க முடியாது. அது கூட இருந்து வேலை பார்ப்பதில் வருவது. இவர்களுக்குத் தேவை, கற்றதை அடுத்த ஊருக்குப் போனாலும் காட்ட ஒரு சான்று. ஏட்டுப்படிப்பு இல்லாமல் கற்ற திறமையைச் சோதித்துச் சான்றளிக்கும் திட்டம் மத்திய அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சோதனையை நாமக்கல் பட்டறையிலேயே, ஓடுகிற வேலையில், அந்த ஊர் மேஸ்திரியை மதிப்பீட்டாளராக உட்கார வைத்து நடத்த வேண்டும். அன்றைக்கு அவர் இழக்கும் கூலியையும், சோதிக்கப்படுகிறவர் இழக்கும் கூலியையும், அன்று மாலையே கையில் தந்துவிட வேண்டும்.